கப்பலில் வைத்த கால்

அப்பா ஒரு கிலோமீட்டர் நடக்க எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்வார் என்று அளந்து பார்க்க, ஒரு சனிக்கிழமை காலையில் அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான். மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டில் எந்தப் பாதையும் சமமாகக் கிடக்காது. இது மட்டும் நெல்வயலை ஒட்டி ஓரளவு நேராகப் போகும். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இருபதடி தள்ளி நடந்தேன்.

முதல் திருப்பத்தில், மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவரோடு பேச நின்றார். வாட்சை நிறுத்தினேன். நடக்க ஆரம்பித்ததும் ஓடவிட்டேன். பிறகு ஒரு வேலியோரம் நின்று யார் வீட்டு மிளகுக்கொடியையோ அண்ணாந்து பார்த்தார். அதைப் பேச்சில் சேர்ப்பதா நடையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் பேச்சோடு சேர்த்து ஐம்பத்திரண்டு நிமிடம், பேச்சில்லாமல் இருபத்தாறு என்று இரண்டையும் குறித்துக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் இருந்த கல்லில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்த அப்பா, திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, சந்தையில மாட்டுக்கு நடை பாக்கறவனாட்டம் பின்னாலயே வார?"

"சும்மாதானுங்கப்பா."

"சும்மா வாரவ கையில கடியாரம் எதுக்கு? கேட்டா என்ன வெலை சொல்லுவ?"

எதற்கு என்று அப்போதுதான் சொன்னேன். சென்னையிலிருந்து கப்பல் ஏறி இலங்கையைச் சுற்றிவிட்டு வரும் ஐந்து நாள் பயணத்துக்கு மூன்று பேருக்கும் இடம் போட்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ரயிலும் ஏறியதில்லை. சமவெளி என்றால் அவர்களுக்கு நாமக்கல், சேலம் ஆஸ்பத்திரி, ஒருமுறை பழனி. அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே போய்க் கல்லூரி முடித்து, நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்கு லோடு ஏற்ற வேண்டும், எந்த செக்போஸ்ட்டை எப்போது தாண்ட வேண்டும் என்று தாள் போட்டுக் கொடுப்பது என் வேலை. என் தாளை வைத்துக்கொண்டு முட்டை லாரிகள் கேரளாவுக்கும் வெங்காய லாரிகள் தூத்துக்குடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வயதான இரண்டு பேரைக் கரையில் இறக்கி, ஊர் காட்டி, திரும்ப ஏற்றுவது எனக்கு ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை.

கப்பல் காலையில் ஒரு துறைமுகத்தில் நிற்கும், சாயங்காலம் கிளம்பும். நடுவில் ஊர் பார்க்கக் கப்பல்காரர்களே பஸ் வைத்திருக்கிறார்கள். அதில் போவதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன். அதைப் பற்றிக் கேட்க, வீட்டுக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று போன் போட்டேன். அப்பாவும் மூச்சு வாங்க ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் போகிறவர்கள் கூட்டத்தோடு வேகமாக நடக்க வேண்டியிருக்குமாம். முழங்கால் வலி உள்ள பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாமாம், இல்லாவிட்டால் அவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாமாம்.

அப்பா போனைப் பார்த்துப் பேசினார், அந்தப் பெண் எதிரில் நிற்பதுபோல.

"வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்னங்க மரவள்ளி மூட்டையா? மிளகு மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் எறங்குனவனுங்க நானு."

பிறகு என்னைப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது. "கடலுக்கு அந்தாண்ட மண்ணுல என் காலு நடக்கோணும் கண்ணு. முடியாதுன்னா சொல்லிரு. எனக்கு வீட்டுக் கட்டிலே போதும்."

"உங்க கால்லயே நடப்பீங்கப்பா. அதுக்கு நான் ஆச்சு."

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். கப்பலின் பஸ் தாமதமானால் கப்பல் நிற்கும். சொந்தமாக வண்டி வைத்துப் போகிறவர்களுக்காக நிற்காது. குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் நம் சாமானைத் துறைமுகத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "பரவாயில்லைங்க, எனக்கு இதுதான் தொழில்" என்று சொல்லி போனை வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் மலையேறி வந்து திட்டம் போட்டதுதான் அந்தப் பயணத்திலேயே எனக்கு நன்றாக நினைவிருக்கிற பகுதி. அம்மா மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே கேட்பாள். அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். நான் ஆபீஸ் தாளில் எழுதியதை வாசிப்பேன். திருகோணமலையில் இறங்கி ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், வேனில் எத்தனை நிமிடம் என்று எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தேன்.

முதல் முறை முழுக்க வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள். "ஏஞ்சாமி, இதுல ஒண்ணுக்குப் போறது எங்க எழுதியிருக்க?"

நான் எழுதவில்லை.

"உங்கொப்பன் ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா போவாரு. எனக்கு டீ குடிச்சா உடனே வரும். லாரிக்காரங்க ரோட்டோரத்துல நிப்பாட்டிக்குவாங்க. நாங்க எங்க போவோம்?"

"உக்கார்ற நேரமும் போடு" என்றார் அப்பா கண்ணை மூடிக்கொண்டே.

ஐந்து இடம் மூன்றாயிற்று. மலைமேல் இருக்கிற ஈசுவரன் கோயில், வெந்நீர்க் கிணறுகள், கடற்கரை. எங்கள் ஆபீஸ் வழியாகத் தூத்துக்குடியில் சரக்கைக் கப்பலேற்றும் ஒருவர், அவருக்குத் தெரிந்த திருகோணமலை வேன் டிரைவர் ஒருவரின் நம்பரைக் கொடுத்திருந்தார். பாறைமேல் நின்று அவருக்கு போன் போட்டு, வழியில் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது, எது உட்காரும்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"தங்கச்சி, எத்தினையோ ஆக்களை ஏத்திட்டன். எல்லாரும் கோயில் எங்க, கடல் எங்க எண்டுதான் கேக்கிறவை. நீங்கதான் முதல் ஆள். ஓம், எல்லாம் பாத்து எழுதித் தாறன்."

சொன்னபடி அனுப்பினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை வைக்கப் போன இடத்தில் அம்மாவின் விரலை மிஷின் எடுக்கவில்லை. விறகும் கிழங்கும் தேய்த்த விரல்கள். "ரேஷன் கடையிலயும் இதே ரோதனைதானுங்க" என்று அங்கிருந்தவரைத் தேற்றினாள் அம்மா. அவர் ஈரத்துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார், அழுத்தச் சொன்னார், வேறு விரல் கேட்டார். கடைசியில் இடது சுண்டுவிரலின் ரேகை விழுந்தது. "பரவாயில்ல, ஒண்ணாச்சும் நான்தான்னு ஒத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தார்.

கப்பலில் எனக்குத்தான் குமட்டியது. எங்கள் மேசையில் சாப்பிட்ட இரண்டு குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் படுத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் எங்கள் மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கிய வயிற்றோடு இட்லி, பூரி, கேக் என்று வரிசையாகச் சாப்பிட்டார்கள். "கீழ்நாட்டுக்காரங்களுக்கு எங்க போனாலும் வாந்திதான்" என்றாள் அம்மா. பத்து வருடமாகக் கீழே குடியிருக்கிற என்னையும் அதில் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

திருகோணமலையில் காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். துறைமுக வாசலில் டிரைவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அப்பாவைப் பார்த்ததும் "வாங்கோ ஐயா" என்று கதவைத் திறந்தார். அப்பா உடனே ஏறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினார்.

மாலை நாலு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும். திட்டப்படி மூன்றே காலுக்குத் துறைமுக வாசலில் இருப்போம்.

கோயிலுக்குப் போகும் பாதையில் வேனை மேலே வரை கொண்டுபோக டிரைவர் வழி வைத்திருந்தார். அப்பா கொஞ்சம் கீழேயே இறக்கிவிடச் சொன்னார். பாதி ஏற்றத்தில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கையால் அம்மாவின் தோளையும் மறு கையால் கல்சுவரையும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பதினைந்து நிமிடம் என்று எழுதியிருந்த இடத்தில் நாற்பது நிமிடம் ஆயிற்று. இடையில் நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். எங்களைக் கடந்து போன கப்பல் பஸ் கூட்டத்தில் ஒருவர் "தாத்தா, வீல்சேர் கேட்டா குடுப்பாங்களே" என்றார். "நீங்க முன்னால போங்க சாமி, நாங்க நின்னு பாத்துட்டு வாரோம்" என்றார் அப்பா. மேலே போய், பாறைக்குக் கீழே கடல் அடிப்பதைப் பார்த்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். "அடேங்கப்பா, மலை இங்கயும் இருக்குது. பள்ளத்தாக்குலதான் தண்ணி நிக்குது."

வெந்நீர்க் கிணறுகளை விட்டுவிட்டோம். தாளில் அதைக் கோடு போட்டு அடித்தேன். நான் போட்ட தாளில் ஒரு நிறுத்தத்தை அடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஒரு மணிக்குக் கடற்கரை. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போனாள். ஒரு அலை வந்து முழங்கால்வரை நனைத்ததும் "ஐயோ, இழுக்குதுங்க!" என்று கத்தினாள். அப்பா கரையில் நின்றுகொண்டு, "அது ஒண்ணும் இழுக்கல, நீதான் கடலை இழுக்கற, பூமிக்குப் பாரம்" என்றார். அம்மா ஒரு கை தண்ணீரை அள்ளி அவர்மேல் எறிந்தாள். என் அம்மா அப்பாவின்மேல் தண்ணீர் எறிந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வயதில் அது ஒரு புதுக் காட்சி.

அந்த அலையில் அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. மணல் கொதித்தது. டிரைவரோடு கடைவீதிக்குப் போய் ஒரு ஜோடி வாங்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன். இருவரையும் தென்னைமர நிழலில் உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அப்பா, இங்கயே இருங்க. அப்படியே எங்கியாச்சும் நடந்தாலும் ரெண்டே முக்காலுக்கு இந்த மரத்துக்கிட்ட வந்துரோணும்."

"நீ போயிட்டு வா கண்ணு. பொழுது பாத்து வந்துருவோம்."

அந்தப் பதிலை நான் கவனித்திருக்க வேண்டும்.

கடைவீதியில் அம்மாவின் அளவுக்குச் செருப்பு கிடைக்க மூன்று கடை ஏற வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது இரண்டு நாற்பது. மரத்தடியில் அறுந்த செருப்பு மட்டும் இருந்தது. ஐந்து நிமிடம் பார்த்தேன். இரண்டு ஐம்பது. டிரைவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம். எங்கள் ஊரில் ஆளைக் காணோம் என்றால் மேட்டில் ஏறி நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். பள்ளத்தாக்கு அதை வாங்கி அந்தப் பக்கத்து வயல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். இங்கே நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. அலை தின்றுவிட்டது. இருவரிடமும் போன் இல்லை. ஏறி இறங்கக் காட்டுகிற கப்பல் கார்டு மட்டும் கழுத்தில் தொங்கியது.

மூன்று மணி. மூன்று ஐந்து. மணலில் ஓடினேன். தாளும் கட்டமும் மறந்துபோய், அப்பா எங்கே போவார் என்று முதல்முறையாக யோசித்தேன். அவர் வேடிக்கை பார்க்கப் போக மாட்டார். நாலு பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் போவார். தூரத்தில் கடற்கரையோரமாக ஒரு கூட்டம் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே ஓடினேன்.

கடலுக்குள் பெரிய வலையை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் நின்று கரைக்கு இழுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் உட்கார்ந்து, வந்த கயிற்றைச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார் அப்பா. அம்மா காலில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு மீனவப் பெண்ணோடு கூடையருகே குந்தியிருந்தாள்.

"அப்பா, மணி என்ன தெரியுமா?"

அப்பா நிதானமாக மேற்கே பார்த்தார். "உச்சி சாஞ்சு கொஞ்ச நேரந்தான கண்ணு ஆச்சு. பொழுது எவ்வளவு ஒசரத்துல நிக்குது பாரு."

"மூணே கால் ஆச்சுங்கப்பா!"

அவர் முகம் மாறியதை மறக்க முடியாது. எங்கள் வயலுக்கு மேற்கே குன்றுபோல ஒரு கரடு நிற்கிறது. நாலரைக்கெல்லாம் பொழுது அதற்குப் பின்னால் போய்விடும். கரட்டுக்கும் பொழுதுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அப்பா ஆயுள் முழுக்க மணி சொல்லியிருக்கிறார். ஒரு பனை உயரம் இருந்தால் இன்னும் ஒரு சால் ஓட்டலாம், ஒரு ஆள் உயரம் என்றால் மாட்டை அவிழ்க்க வேண்டும். அவர் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. இங்கே மேற்கே கரடு இல்லை. தென்னந்தலைகளுக்கு மேலே வெகு உயரத்தில் பொழுது நின்றது. அவர் எந்த இடைவெளியை அளப்பார்? மலையில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நடையை அளந்தேன், கக்கூஸைக்கூட எழுதினேன், இதை எழுதவில்லை.

அப்பா எழுந்தார். எழுந்தவர் அப்படியே படகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மணலில் அவ்வளவு தூரம் நடந்து வந்து உட்கார்ந்ததில் முழங்கால் இறுகிப்போயிருந்தது. டிரைவர் பின்னால் ஓடி வந்து சேர்ந்தார். வேனை அருகிலிருக்கும் சந்துவரை கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். அந்தச் சந்துக்கும் எங்களுக்கும் நடுவில் முந்நூறு மீட்டர் மணல். அங்கிருந்து துறைமுகம் இருபது நிமிடம்.

கணக்கு என் தலையில் தானாக ஓடியது. தரையிலேயே அவருக்கு எட்டு நிமிடம் ஆகும். மணலில், இந்தக் காலோடு, இருபத்தைந்து. நாலு மணிக்குள் முடியாது.

வலை இழுத்தவர்களில் இரண்டு பேர் வந்து கைகளைக் கோத்து நாற்காலிபோல் வைத்தார்கள். "ஐயா, ஏறுங்கோ. கெதியாக் கொண்டுபோய் விடுறம்."

அப்பா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தன்னால்தான் தாமதம் என்று தெரிந்தவர் எப்படிச் சொல்வார்? நான் 'ஏறுங்க' என்றால் ஏறிவிடுவார். வாயைத் திறந்தேன். பாறைமேல் நின்று நான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன்.

அம்மா எழுந்து வந்தாள்.

"அவரு நடந்தே வரட்டும்" என்றாள். "நான் முன்னால போயி கப்பல்ல ஒரு கால வெச்சுக்கறேன்."

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸுக்கு வீடே கிளம்பும்போது, வேகமாக ஓடக்கூடிய ஒருவர் முன்னால் போய் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மூட்டையும் முடியாதவர்களும் பின்னால் வருவார்கள். டிரைவர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் திட்டுவார். ஆனால் கால் வைத்த ஆளை இழுத்துக்கொண்டு பஸ் கிளம்பாது.

"அம்மா, அது கப்பலும்மா!"

"எதா இருந்தா என்ன? ஏறுறதுக்குப் படி இருக்குதல்ல?"

டிரைவர் ஏற்கனவே போனில் தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். மீனவப் பெண் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்துப் பக்கம் ஓடினாள். நான் கொடுத்த புதுச் செருப்பை அம்மா கையில் பிடித்திருந்தாள். எழுத்துத் தெரியாத, அதுவரை தனியாக ராசிபுரம்கூடப் போகாத என் அம்மா, வேறொரு நாட்டில், கழுத்தில் ஒரு கார்டோடு ஆட்டோவில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவும் நானும் நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் கால் புதைந்தது. டிரைவர் கொஞ்சம் முன்னால் போய், கெட்டியான மணல் எங்கே என்று மிதித்துப் பார்த்துக் காட்டிக்கொண்டே போனார். நான் போனை எடுத்தேன்.

"மணி பாக்காத கண்ணு" என்றார் அப்பா. "பாத்தா ரெண்டு பேருக்கும் நடை வராது."

கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார்.

"உன்னைய மொதமொதல்ல ஆஸ்டல்ல விடப் போன அன்னிக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா? உனக்கு எங்க ஞாவகம் இருக்கும், நீதான் பஸ்ஸுக்கு வர மாட்டேன்னு வேலியைப் புடிச்சுக்கிட்டயே. நான் உன்னைப் பிச்சு எடுக்கறேன், நீ மறுபடியும் புடிக்கற. உங்கம்மா ஓடிப்போயி பஸ்ஸுல காலை வெச்சுட்டா. அந்த டிரைவர் பேசின பேச்சு இருக்குதே, நாக்குல நரம்பில்லாமப் பேசினான். உங்கம்மா எறங்கலியே. கடைசில உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து சேர்ந்தேன். முதுகெல்லாம் கடிச்சு வெச்சிருந்த."

"கடிச்சனா?"

"பின்ன? அதுலதான் இவ்வளவு படிச்ச."

சிரித்துக்கொண்டே அடுத்த அடி வைத்தார். நானும் மணி பார்க்கவில்லை. கடல் ஒரு பக்கம் இரைந்துகொண்டே இருந்தது. வேனுக்கு வந்து சேர்ந்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, தானாகவே காலைத் தூக்கி வைத்து ஏறினார்.

துறைமுக வாசலைத் தாண்டும்போது நாலு மணி ஆறு நிமிடம். கப்பல் நின்றிருந்தது. அருகே போனதும் முதலில் தெரிந்தது அம்மாவின் சேலைதான்.

கப்பலுக்கு ஏறும் படியின் தொடக்கத்தில் நின்றிருந்தாள். வலது கால் படியில், இடது கால் சிமெண்டுத் தரையில், இரண்டு கையும் கம்பியில். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையில் பட்டியலோடு அவளுக்கு எதிரில் நின்று ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மா கழுத்து கார்டை எடுத்து அவரிடம் நீட்டிக் காட்டுவதும், பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டுவதுமாக இருந்தாள். எங்களைப் பார்த்ததும் கப்பல் பணியாளர் ஒருவர் ஓடி வந்தார். தூத்துக்குடிக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"ஏக்கா, உங்க அம்மாவா? இருவது நிமிசமா இப்படியேதான் நிக்காங்க. உள்ளயும் வர மாட்டாங்க, கீழயும் எறங்க மாட்டாங்க. பாத்ரூம் வருதுன்னாங்க, அப்பயும் நவுரல. என்னன்னு கேட்டா 'வாராங்க, உங்க கண்டக்டர்கிட்ட சொல்லுங்க'ங்கிறாங்க."

அப்பா வேனிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டைக்காரர் சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார். அப்பா தலையை ஆட்டினார். முப்பது அடி இருக்கும். நடந்து போனார். படியருகே வந்ததும் அம்மா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து வழிவிட்டாள். அவர் அவளைத் தாண்டி ஒவ்வொரு படியாக ஏறி, உள்ளே இரும்புத் தளத்தில் இரண்டு காலையும் வைத்த பிறகுதான் அம்மா தரையிலிருந்த காலை எடுத்தாள். எடுத்தவள் யாரையும் பார்க்காமல் நேராகக் கக்கூஸைத் தேடி ஓடினாள்.

அப்பாவின் கால் இப்போது ரொம்பவும் விட்டுவிட்டது. வீட்டு வாசல் தாண்டுவதற்கே ஆள் வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம் அம்மா கப்பலை நிறுத்தி வைத்த கதையைச் சொல்கிறாள். சொல்லச் சொல்ல இருபது நிமிடம் ஒரு மணி நேரமாக வளர்ந்துவிட்டது. கப்பல் உண்மையில் கிளம்பியது ஐந்து மணிக்கு. நாலு மணி என்பது ஆள் கணக்கெடுக்கிற நேரம்தான். இதை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை, ஐந்து மணிவரை யார் நிறுத்தி வைத்தது என்று கேட்பாள்.

அந்தச் சாயங்காலம் கப்பலின் மேல்தளத்தில் அம்மா அப்பாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அடுத்த துறைமுகம், காங்கேசன்துறை. அதற்கும் ஒரு வேன் சொல்லி வைத்திருந்தேன், நான்கு இடங்களோடு.

"நாளைக்கு எங்க போலாமுங்கப்பா?" என்று கேட்டேன்.

இரண்டு மாதம் திட்டம் போட்டதில் அந்தக் கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், முன்பே பேசி வைத்ததுபோல.

"எறங்கி, வாசல் கேட்டு வரைக்கும் நடந்து, ஒரு டீயக் குடிச்சுட்டு வந்துரலாம்" என்றார் அப்பா.

"அவ்வளவுதானா?"

"அதுக்கே உன் கடியாரத்துல எவ்வளவு ஆவும்னு பாத்துச் சொல்லு."

வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மூன்று பேரும் வாசல்வரை நடந்தோம். அப்பா வழியில் ஒரு காவல்காரரோடும், வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரோடும் நின்று பேசினார். வாசலுக்கு வெளியே ஒரு சின்னக் கடையில் பாலில்லாத டீயும், தனியாகச் சீனியும் கொடுத்தார்கள். எங்கள் ஊர் வரக்காப்பி மாதிரியே இருக்கிறது என்று அம்மா இரண்டாவது ஒன்று வாங்கிக்கொண்டாள். கடைக்காரரிடம் அப்பா, "நாங்க கடலுக்கு அந்தாண்ட இருந்து வாரோமுங்க, நடந்துதான் வந்தோம்" என்றார். கடைக்காரர் கடலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பெஞ்சை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துப் போட்டார்.